மண்ணு சுத்தாது

“குதிரைய வெளிய கட்டிட்டு வா” என்பாள் நெல்சி, தலை நிமிராமல். டிராக்டர் சாமான் கடைக்குள் வந்தவன் அப்போதுதான் “என் டிராக்டர் இருபத்தஞ்சு குதிரை, தோனா நெல்சி” என்று, மரியாதைக்கு ‘தோனா’ சேர்த்து, மார்பை விரித்துச் சொல்லியிருப்பான். இந்தப் பள்ளத்தாக்கில் டிராக்டரின் பலத்தைக் குதிரையில்தான் எண்ணுவார்கள். மகளைச் சுற்றிவருகிற பையன் யார் என்று கேட்டால், அவன் பெயருக்கு முன்னால் அவன் அப்பன் டிராக்டரின் குதிரைக் கணக்கு வந்துவிடும். நெல்சியிடம் அது செல்லாது. கையில் இருக்கிற ஹோஸ் முனையைப் பழைய கம்பளிக் காலுறையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஒரு கண்ணால் பார்த்து, திருப்தியான பிறகு கேட்பாள்: “ஆயில் எவ்வளவு தள்ளும்?” பின்னால் மாட்டுகிற கருவியைச் சுற்றுவது டிராக்டரின் பம்பு தள்ளுகிற ஆயில்தான், குதிரை அல்ல.

இந்தக் கேள்வியை நினைத்தாலே ஒடாசிருக்கு வயிறு எரியும். பல வருஷமாக எரிகிறது. புதுச் சின்ன டிராக்டர் வாங்கிய வாரம், கடை வாசலில் சங்கிலியில் தொங்கிய பெரிய ஹைட்ராலிக் குழித்திருகைக் கேட்கப் போயிருந்தான். சனிக்கிழமை காலை. கடை நிறைய ஆட்கள். மலையில் பாதியைத் திராட்சைப் பந்தலாக்க வேண்டும், அத்தனை தூணுக்கும் குழி போட வேண்டும், திருகு இருந்தால் ஒரு குளிர்காலத்தில் வேலை முடியும். இவன் குதிரையைச் சொன்னான். அவள் ஆயிலைக் கேட்டாள். இவன் திரும்பவும் குதிரையையே சொன்னான், கொஞ்சம் சத்தமாக. நெல்சி அப்போதுதான் நிமிர்ந்து, வாசலில் நின்ற டிராக்டரைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

“ஒடாசிரு, அது டிராக்டரா, தையல் மிஷினா?”

கடை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவளே தொடர்ந்தாள். “பெருசு தரமாட்டேன். கீழ கல்லு கடிக்கும். கடிச்சா மண்ணு சுத்தாது. நீதான் சுத்துவ.” அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒடாசிர் காதில் விழவில்லை. அவன் காது சூடாகிவிட்டது, வெளியே வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் சீட்டு மேசையில், காலையில் கடையில் நின்று சிரித்த வோல்னேய் நாற்காலியை இழுத்துப் போட்டான். “வாய்யா தையல்காரா. எனக்கு ரெண்டு கால்சட்ட கிழிஞ்சு கெடக்கு, எப்பக் குடுக்கட்டும்?” பெயர் ஒட்டிக்கொண்டது. டிராக்டருக்கு ஒட்டியது, பிறகு வீட்டுக்கு ஒட்டியது. ஒருமுறை பாதிரியார்கூட வழி சொல்லும்போது “தையல் மிஷின் வீட்டுக்கு மேல் பக்கம்” என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தக் குழிகளை எல்லாம் ஒடாசிர் கடப்பாரையால் போட்டான். மேலே ஒரு முழம் சிவப்புக் களிமண், அதற்குக் கீழே தட்டுத் தட்டாகக் கருங்கல். பந்தல் நின்றது. வலது தோள் போயிற்று. இன்று கையைக் காது வரைக்கும் தூக்க முடியாது. சட்டை போட இவானிர் வேண்டும். அவன் பெண்டாட்டி இவானிர் கையைச் சட்டைக்குள் நுழைக்கிறபோது அவன் “நெல்சி” என்றுதான் முனகுவான். வேறு எந்தப் புருஷன் இன்னொருத்தி பெயரைச் சொன்னாலும் வீட்டில் நடப்பது வேறாக இருக்கும். இவானிர் சிரித்துக்கொண்டு பொத்தானைப் போட்டுவிடுவாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஹோஸ் வெடித்தாலும் அதை மாட்டுகிற கப்ளிங் ஒழுகினாலும் கடைக்குப் போகிறவள் அவள்தான். ஒடாசிர் வண்டியில் உட்கார்ந்திருப்பான்.

வண்டியில் உட்கார்ந்தே அவன் நெல்சியை நன்றாகப் பார்த்திருக்கிறான். கடை, ஆற்றுக்கு இறங்குகிற சாலை வளைவில் இருக்கிறது. மேலே வீடு, கீழே கடை. அவள் குள்ளம். மேசைக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்பாள். காலில் ஆம்பிளை பூட்ஸ். புருஷனுடையது, முனையில் துணி அடைத்தது. தலைமுடிக்கு மை போடுவாள். கைரேகைகளில் கருப்பு ஆயில் நிரந்தரமாக ஊறியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நீட்டும்போதும். குளிர்காலத்தில் விறகு அடுப்பின் தகட்டில் பைன் கொட்டைகளை வறுத்து, பல்லால் உரித்துத் தின்றபடியே ஹோஸுக்கு முனை அழுத்துவாள். தோலைப் போல்ட் டப்பாவில் போடுவாள். போல்ட் தேடுகிறவன் கைப்பிடி தோலை அள்ளுவான்.

மெஷினை ‘அவன்’ என்பாள், மனுஷனை ‘அது’ என்பாள். “அது வந்துச்சா?” என்றால் வோல்னேய் வந்தானா என்று அர்த்தம். “அவன் அழுவுறான்” என்றால் யாருடைய டிராக்டரோ சூடாகிறது. ஓடுகிற டிராக்டரின் ஹோஸ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சுட்டால் உதட்டைப் பிதுக்குவாள். “வேலை செய்யல. சும்மா சுத்திச் சுத்தி அழுவுறான். யாரு இவன் கழுத்துல இவ்ளோ பெருச கட்டுனது?”

மத்தே என்கிற கசப்பு இலைத்தேநீர்க் குடுக்கை மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் கைக்கும் போகும். கோபம் என்றால் அந்த ஆளைத் தாண்டிவிடுவாள். இவானிரை ஒருநாளும் தாண்டியதில்லை. போகும்போது “உன் வீட்டுது தோளு எப்படி இருக்கு?” என்று கேட்பாளாம். இதை இவானிர் வண்டியில் ஏறியதும் சொன்னால் ஒடாசிர் கியரை முரட்டுத்தனமாகப் போடுவான்.

கடையின் ஜன்னல் ஓரத்தில் அவள் புருஷன் அடெலார் உட்கார்ந்திருப்பான். சக்கர நாற்காலி, மடியில் போர்வை, பக்கத்தில் கம்பளி நூல் கூடை. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத மாதிரிதான். ஒருகாலத்தில் மாட்டைக் கொம்பைப் பிடித்துத் திருப்பிய கைகள். அந்தக் கைகளில் ஒரு கொக்கி ஊசியைக் கொடுத்து நெல்சிதான் பின்னக் கற்றுக்கொடுத்தாள். அவன் பின்னியது ஒன்றே ஒன்றுதான்: ஹோஸ் முனைகளுக்குக் குல்லா. தூசி போகாமல் இருக்க. ஆயில் போகிற முனைக்குச் சிவப்பு, திரும்புகிற முனைக்கு நீலம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் குல்லா போடாத டிராக்டர் கிடையாது. வெளியூர்க்காரன் பார்த்தால் டிராக்டருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கேட்பான்.

அடெலாருக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அப்போது, ஒடாசிர் திருகு கேட்கப் போவதற்கும் முன்னால், மேசைக்குப் பின்னால் நின்று விற்றது அவன். அவனும் குதிரையில் எண்ணுகிறவன்தான். பெரிய திருகை ஒரு சின்ன டிராக்டரின் பின்னால் மாட்டி, தன் மேல்காட்டுச் சரிவில் தானே குழி போட்டுக் காட்டப் போனான். திருகின் நுனி கல்தட்டுக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டது. ஹைட்ராலிக்கில் அதற்கு வழி இருக்கிறது. லீவரை மறுபக்கம் தள்ளினால் நீல முனை வழியாக ஆயில் போகும், திருகு பின்னால் சுற்றித் தானே வெளியே வரும். ஆனால் இங்கே எல்லோரும் ஏர் உழுதவர்கள். ஏர் கல்லில் மாட்டினால் தூக்குவோம். கடித்தால் தூக்கு என்பது கைக்கு மனப்பாடம், மூளையைக் கேட்காது. அடெலாரின் கை தூக்குகிற லீவருக்குப் போனது. திருகு வரவில்லை, டிராக்டரின் முன்சக்கரங்கள் வந்தன. ஈரச் சரிவு. டிராக்டர் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்தது.

டிராக்டரைப் பிறகு இழுத்துப் போனார்கள். திருகு அங்கேயே நிற்கிறது. தண்டின் மேல்முனை மட்டும் தரைக்கு மேல் இடுப்பளவு நீட்டிக்கொண்டு, முள்புதர் மூடி. நெல்சி எடுக்கவிடவில்லை என்று ஊர் சொல்லும். “முளைக்கட்டும்னு வச்சிருக்கா” என்று வோல்னேய் சொல்வான், அவள் இல்லாத இடத்தில்.

அடெலாரே இதைச் சிரித்துத்தான் பேசுவான். “சிவப்பு போறது, நீலம் வர்றது, ஒடாசிரு” என்று ஜன்னல் வழியாக வண்டிக்குள் இருக்கிற இவனிடம் கத்துவான். “மாட்டிக்கிட்டா நீலத்துல அனுப்பணும். நான் செவப்பாவே போயிட்டேன்!” அவனிடம் ஒடாசிருக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் அவள்மேல்தான். உன் புருஷன் கவிழ்ந்தால் அதற்கு என் டிராக்டர் என்ன பண்ணும்? உன் வீட்டு இழவை என் தலையில் ஏன் எறிந்தாய், அதுவும் சனிக்கிழமை காலையில்? இதைக் கேட்க வேண்டும் என்று வண்டியில் உட்கார்ந்து பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

மே மாதம் அடெலார் செத்துப்போனான். நெஞ்சில் சளி கட்டி, இரண்டு வாரம். கடை மூடியது, திறந்தது. நெல்சி அதே பலகைமேல் நின்றாள். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி அப்படியே இருந்தது. நாற்காலியில் கூடை, கூடையில் பாதி பின்னிய ஒரு நீலக் குல்லா, ஊசி குத்தியபடி. இருமல் சத்தம் இல்லாததால் ஹோஸ் அழுத்துகிற மெஷின் பெரிதாகச் சத்தம் போடுகிறது என்றாள் இவானிர்.

ஜூலையில், இங்கே அது நடுக்குளிர்காலம், புயல் அடித்தது. காலையில் கதவைத் திறந்தபோது ஒடாசிரின் மலை தாழ்ந்துபோயிருந்தது. பந்தல் முழுக்கத் தரையில். யூகலிப்டஸ் தூண்கள் எல்லாம் மண்மட்டத்தில் உளுத்திருந்தன. ஒன்று சாய, கம்பி மற்றதை இழுத்து, வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. கொடிகள் கம்பியோடு சேற்றில் கிடந்தன. இலை இல்லாத காலம், கொடிக்கு உயிர் போகவில்லை. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் மொட்டு வெடிக்கும். அதற்குள் தூக்கி நிறுத்தாவிட்டால் துளிர் முழுக்க மண்ணில் முறியும், வருஷம் போயிற்று. போன வருஷத்தை ஆலங்கட்டி தின்றிருந்தது. இவானிர் நகரத்துத் தங்கையிடம் ஏற்கெனவே பேசியிருந்தாள். கோழி வெட்டுகிற ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். கட்டிலுக்கடியிலிருந்த பையை வெளியே எடுத்து வைத்திருந்தாள். சண்டை போட்டு வைக்கவில்லை. தூசி தட்டி, சும்மா சுவரோரமாக வைத்திருந்தாள். அதுதான் அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

கடப்பாரையை எடுத்துப் பார்த்தான். இரண்டாவது குத்தில் தோள்வலியில் கண் இருட்டியது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்து டிராக்டரைக் கிளப்பிச் சாலை வளைவுக்கு இறங்கினான்.

கடையில் வோல்னேயும் இன்னும் ஒருவனும் அடுப்பில் கைகாட்டி நின்றார்கள். வெளியே டிராக்டர் சத்தம் நின்றதும் வோல்னேய் வாயைத் திறந்தான். “அட, தையல்—”

“மூடு” என்றாள் நெல்சி. பிறகு ஒடாசிரைப் பார்க்காமல், “பந்தல் படுத்துடுச்சாமே” என்றாள்.

“ஆமா.”

“எவ்ளோ?”

“பூராவும்.”

அவள் குடுக்கையில் வெந்நீர் ஊற்றி முதலில் இவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்தான். சூடு தொண்டையில் இறங்கும்போது, வண்டிக்குள் உட்கார்ந்து பழகிவைத்திருந்த பேச்சு எதுவும் மேலே வரவில்லை.

“அன்னிக்கி இல்லன்னீங்க” என்றான். “இன்னிக்கும் அதே டிராக்டர்தான்.”

“அன்னிக்கி நீ பெருச கேட்ட. இல்லன்னேன். சின்னதா ஒன்னு பாக்கலாம், ஆயில் எவ்ளோ தள்ளும்னு சொல்லுன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டே இருக்கேன், நீ கதவச் சாத்திட்டுப் போற.” ஒரு கொட்டையைப் பல்லில் வைத்து உடைத்தாள். “இன்னும் நீ பதில் சொல்லல, ஒடாசிரு.”

“எனக்குத் தெரியாது.”

“அது ஒரு பதிலு. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

மறுநாள் நெல்சி மேலே வந்தாள். யார் காட்டுக்கும் அவள் வந்து யாரும் பார்த்ததில்லை. அடெலாரை விட்டுவிட்டுக் கடைப் படியைத் தாண்டியதே கோயிலுக்கு மட்டும்தான். பனிமூட்டத்தில் அவள் பழைய வண்டி முதலில் சத்தமாக வந்தது, பிறகு விளக்காக, பிறகு வண்டியாக. பூட்ஸ் சேற்றில் வழுக்க, கையில் ஆயில் அளக்கிற ஒரு முள்காட்டியோடு இறங்கினாள். சிவப்புக் குல்லாவையும் நீலக் குல்லாவையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, முனைகளுக்கு நடுவே காட்டியை மாட்டினாள். “மிதி” என்றாள் குல்லாக்களோடு. முள் ஏறி, பாதியில் நின்று நடுங்கியது.

“புஸ்தகத்துல என்ன போட்டிருக்கான்?”

“நிமிஷத்துக்கு இருபத்தெட்டு லிட்டர். ராத்திரிதான் பாத்தேன்.”

“இங்க இருபதுதான் வருது. ஸ்டீயரிங்கு கொஞ்சம் குடிக்குது. மீதிய இது குடிக்குது.” கப்ளிங்கைத் திருகிக் கழற்றி, அதற்குள் இருந்த குண்டை விரல் நகத்தால் அமுக்கிக் காட்டினாள். அது வழிவிடாமல் முரண்டியது. “பாரு, இந்தச் சின்ன வாசல்ல குனிஞ்சு குனிஞ்சு போறான். பெருசுக்கு இது ரெண்டு மடங்குக்கு மேல வேணும். மாட்டியிருந்தா சுத்தவும் மாட்டான், நிக்கவும் மாட்டான். அழுதுக்கிட்டே கெடப்பான். அவன் எடைக்கு உன் முன்சக்கரம் சும்மாவே ஆடும்.”

மூன்று நாள் வேலை வாங்கினாள். பின்சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னாள், அகலமாக நிற்க. முன்னால் இரும்பு எடைகளைத் தொங்கவிட்டாள். சுற்றிவளைத்துப் போன ஹோஸ்களை வெட்டிக் குட்டையாக்கி நேராக விட்டாள். கடையிலிருந்து ஒரு சின்ன மோட்டார் வந்தது, ஒல்லித் திருகோடு. பார்க்கவே இவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. வோல்னேய் பார்த்தால் ஊசி என்பான். இந்தத் தையல் மிஷினுக்கு இந்த ஊசி. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. இவானிர் ஒரு தட்டில் பொலெந்தா சோளக்களியும் சீஸும் கொண்டுவந்து, வண்டி மூடியின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியாக நெல்சி செய்தது விசித்திரமாக இருந்தது. நல்ல மண்ணை விட்டுவிட்டு, கல் இருக்கிற இடமாகக் கடப்பாரையால் தட்டித் தேடினாள். கிடைத்ததும் “இங்க இறக்கு” என்றாள்.

“கல்லு இருக்கே.”

“அதான்.”

திருகு இறங்கி, கல்லைக் கடித்து, நின்றது. ஆயில் ஒரு மாதிரி சீறியது. அவள் டிராக்டரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், திருகை அல்ல. சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தாள். திரும்ப இறக்கச் சொன்னாள். திரும்பவும். நாலாவது தடவை திருகு நின்றது, டிராக்டர் அசையவே இல்லை.

“இப்ப சரி” என்றாள். “மொதல்ல தோக்கறது இவனா இருக்கணும். நீயா இருக்கக் கூடாது. மண்ணு சுத்தாது.”

வேலை மெதுவாகத்தான் போனது. கடித்தால் நீலத்தில் அனுப்ப வேண்டும், வெளியே எடுக்க வேண்டும், கல்லைக் கடப்பாரையால் நெம்ப வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். மழை ஒரு நாள் விட்டு ஒரு நாள். நெல்சி தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து, படுத்துக்கிடந்த ஒரு தூணின்மேல் நின்று பார்ப்பாள். ஏன் வருகிறாள் என்று ஒடாசிர் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் அந்த நாற்காலியோடு தனியாக இருக்க முடியவில்லை போல என்று இவானிர் சொன்னாள்.

ஒருநாள் சரிவின் நடுவில் திருகு ஆழமாகப் போய் மாட்டியது. சோர்வு, குளிர், தோள்வலி. ஒடாசிரின் இடது கை தானாகத் தூக்குகிற லீவருக்குப் போனது. அவனுக்கே தெரியாது.

“தூக்காத!”

அந்தக் குரலை அவன் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் வரை போய்த் திரும்பி வந்தது. கீழே நாய்கள் குரைத்தன. வீட்டுக்குள்ளிருந்து இவானிர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். ஒடாசிர் கையை எடுத்துவிட்டான். நெல்சியைப் பார்த்தான். அவள் தூணின்மேலிருந்து இறங்கியிருந்தாள், எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. இரண்டு கையும் காற்றில் முன்னால் நீண்டிருந்தன, எதையோ கீழே அமுக்குவது போல. பிறகு கைகளைப் பார்த்தாள், ஏப்ரனில் துடைத்தாள், வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

ஒடாசிர் லீவரை நீலத்துக்குத் தள்ளினான். திருகு முனகிக்கொண்டு பின்னால் சுற்றி, சேற்றைத் துப்பிக்கொண்டு மேலே வந்தது. அவன் எஞ்சினை அணைத்தான். அடெலார் கவிழ்ந்த அன்று அவள் எங்கே நின்றிருந்தாள் என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனும் யாரையும் விசாரித்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பந்தல் ஏறியது. கடைசி வரிசைக் கம்பியை முறுக்கிய வாரத்தில் முதல் மொட்டுகள் பஞ்சு மாதிரி வெடித்தன. பாதிக்குப் பாதிதான். மற்றவை சேற்றிலேயே கருகியிருந்தன. பாதி திராட்சை ஒரு வருஷத்துக்குப் போதுமா என்று இவானிரிடம் அவன் கேட்கவில்லை. பை சுவரோரத்திலேயே இருந்தது. ஆனால் அதன்மேல் இப்போது துவைத்த துணி மடித்து வைத்திருந்தாள்.

செப்டம்பரில் ஒரு விடிகாலை நெல்சியின் வண்டி வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

“ஒடாசிரு, மேல்காட்டுல ஒருத்தன் மாட்டிக்கிட்டு நிக்கறான். எடுக்கணும்.”

அவன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். “நீங்கதான் எடுக்க விடலன்னு சொல்லுவாங்களே.”

“ஊருக்கு என்ன தெரியும். என் வீட்டுதுதான் விடல. ‘எடுக்கும்போது நான் அங்க இருக்கணும்’னுச்சு. சரி வா, நாலு பேர வச்சுத் தூக்கிட்டுப் போறேன்னேன். ‘தூக்க வேணாம், நடந்து வர்றேன்’னுச்சு.” எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நானும் சரின்னுட்டேன். வருஷா வருஷம் கேப்பேன். இந்தக் குளிரு போகட்டும், நடந்துடுவேன்னு சொல்லும்.”

ஒடாசிர் தோளைத் தடவிக்கொண்டான். அவளிடம் கேட்க அவனுக்கு ஒன்று இருந்தது, இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தது. அதைத் தேடிப் பார்த்தான். எங்கேயோ வைத்துவிட்டிருந்தான்.

“கடப்பாரை எடுத்துக்கட்டுமா?” என்றான்.

“எடு.”

ஒடாசிர் டிராக்டரை அவள் வண்டிக்குப் பின்னாலேயே மேல்காட்டுக்கு ஓட்டினான். முள்புதரை அவளே வெட்டியிருந்தாள். கைகளில் கீறல்கள். முந்தின நாளே வந்து தண்டைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவைத்திருந்தாள். தண்டு துருப்பிடித்து, ஆள் உட்கார்ந்து தேய்ந்த மாதிரி மேலே மட்டும் வழவழப்பாக இருந்தது. ஒடாசிர் இடது கையால் கடப்பாரையைப் பிடித்து, சுற்றிலும் முழங்கையளவு குத்தித் தளர்த்தினான். பழைய தண்டு தடிமன், இவன் மோட்டார் ஒல்லி. இரண்டுக்கும் நடுவே போட ஒரு குழலை அவள் லேத்தில் கடைந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கம் அதற்கு, ஒரு பக்கம் இதற்கு. இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் பெரிய கற்களாக வைத்தாள். ஒவ்வொன்றையும் பூட்ஸால் உதைத்துப் பார்த்தாள். வால்வை ஒரு நூல் அளவு கூட்டினாள், யோசித்துப் பாதி நூல் குறைத்தாள்.

பனி ஆற்றின்மேல் கிடந்தது. கீழே யாரோ கோழிகளைக் கூப்பிடுகிற சத்தம்.

ஒடாசிர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். நெல்சி ஹோஸ் முனைகளின் குல்லாக்களைக் கழற்றினாள். சிவப்பு பழையது, நூல் பிரிந்தது. நீலம் புதியது. பாதிவரைக்கும் இறுக்கமான சீரான பின்னல், அதற்கு மேலே வேறு கை, தளர்ந்த அவசரப் பின்னல். அடெலார் பாதியில் விட்டதை அவளே முடித்திருந்தாள். சிவப்பைச் சேற்றிலேயே போட்டாள். நீலத்தைச் சுருட்டி ஏப்ரன் பைக்குள் வைத்தாள். முனைகளை மாட்டினாள்.

“எறங்கு” என்றாள்.

“நான் பண்ணிடறேனே, தோனா நெல்சி. சரிவு.”

“எறங்குன்னேன்ல.”

அவன் இறங்கினான். அவள் ஏறினாள். இருக்கை உயரம், பூட்ஸ் மிதியை எட்டவில்லை. அதனால் ஒன்றும் இல்லை, இந்த வேலைக்கு மிதி வேண்டாம். லீவரின்மேல் கையை வைத்தாள். தள்ளவில்லை. ஹோஸின்மேல் மற்றக் கையின் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் குளிர்ந்துதான் இருந்திருக்கும்.

“ஒடாசிரு.”

“ம்.”

“அந்தப் பக்கம் திரும்பி நில்லு.”

அவன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றான்.